பிரித்தல்: பூட்டப்பட்ட ஒரு பண்டம் குறித்துச் சில குறிப்புகள்

‘கட்டுடைத்தல்’ என்கிற சொல்லை நானும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைக் கட்டவிழ்ப்பு என்பதா, தகர்ப்பமைப்பு என்பதா, நிர்நிர்மாணம் என்பதா என்று முந்தைய தலைமுறை போட்ட சண்டைகளைப் பழைய சிற்றிதழ்களில் தேடித்தேடிப் படித்தவள். ஆனால் நிஜமாகவே ஒரு பொருளின் கட்டை அவிழ்த்து, உள்ளே இருப்பதை மேஜைமேல் பரப்பி, அது மறுபடி எழுந்து பேசும்படி சேர்த்துவைக்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது சென்ற ஐப்பசியில்தான். இடம், சென்னை ரிட்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடை. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் முதல் ஆள் எழுந்துகொள்ள வேண்டும்.

என் போன் மழையில் செத்துவிட்டது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான். “போர்டு மாத்தணும் மேடம். அந்தக் காசுக்கு நீங்க புதுசே எடுத்துடலாம்.” உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். டேட்டாவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அச்சடித்த படிவத்தைக் கையெழுத்துக்காக நகர்த்தினார்கள். உள்ளே இருந்தது என் அத்தை பாடிய ஒப்பாரிகள். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவைத்த பதினொரு மணி நேரப் பதிவு. அத்தை போன ஆடியில் இறந்துபோனாள். ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடினவளுக்குப் பாட ஆள் இல்லாமல்போனது தனிக்கதை. பதிவுகளை வேறெங்கும் காப்பி எடுத்துவைக்காதது என் மூடத்தனம். வாய்மொழி வழக்காறுகளைச் சேகரித்துப் பாதுகாப்பதன் அரசியல் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவள் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ரிட்சி தெரு அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். போனை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “டேட்டா வேணுமா, செட்டு வேணுமா?”

தமிழ் படித்தவர்கள் ஏடும் பாட்டும் வேறுவேறு என்று நம்பி வளர்ந்தவர்கள். ஏடு செல்லரிக்கும், அதற்குள் ஒருத்தர் பெயர்த்தெழுதிவிட்டால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். உ.வே.சா.வின் உழைப்பு முழுக்க இந்த நம்பிக்கைமேல் நின்றதுதான். அண்ணன் கேள்வியும் முதலில் எனக்கு அப்படித்தான் கேட்டது. இல்லை என்று அவரே விளக்கினார். முன்பெல்லாம் பல செட்டுகளில் போர்டு செத்தாலும் மெமரி ஐசியை மட்டும் சூடுகாட்டிப் பெயர்த்தெடுத்து, அதற்கான கருவியில் வைத்து உள்ளதைப் படித்துவிடலாம். ஐபோனில் அந்த வழி சீக்கிரமே அடைந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்குப் பிறகு மற்ற போன்களிலும் மெல்ல மெல்ல அடைந்துவிட்டது. உள்ளே எழுதப்படுவதெல்லாம் இப்போது சங்கேதமாகத்தான் எழுதப்படுகிறது. அதைத் திறக்கும் சாவியில் ஒரு பங்கு பிராசசருக்குள் புதைந்திருக்கிறது, இன்னொரு பங்கு நான் விரலால் அடிக்கும் பின் நம்பர். ஐசியைத் தனியே பெயர்த்தால் கிடைப்பது அர்த்தமற்ற எண்குவியல். ஆக, அத்தையின் பாட்டு வேண்டுமென்றால் இதே போர்டு, இதே பிராசசரோடு, ஒரு அரைமணி நேரமாவது உயிர்த்தெழ வேண்டும். ஏட்டைப் பிழைக்கவைக்காமல் பாட்டைப் பெயர்த்தெழுத முடியாது.

“டேட்டாதான்” என்றேன். “அப்ப செட்டைப் பிரிக்கணும்” என்றார்.

பிரித்தல். பதம் பிரிப்பது, சீர் பிரிப்பது, செட்டைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் பிரித்தால் அவரே சேர்த்தும் ஆக வேண்டும். நம்முடைய துறையில் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

*

சூட்டுத்தகட்டின்மேல் போனைக் கவிழ்த்துவைத்தார். பின்பக்கக் கண்ணாடியின் விளிம்பில் இருக்கிற பசை இளக வேண்டும். ரப்பர் உறிஞ்சியைக் கண்ணாடியில் ஒட்டி இழுத்தார், வரவில்லை. மறுபடி சூடு, மறுபடி இழுப்பு. மயிரிழை இடைவெளி விழுந்ததும் கிட்டார் வாசிக்கிறவர்கள் வைத்திருப்பதைப் போன்ற பிளாஸ்டிக் சில்லு ஒன்றை அதில் செருகி ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். அவசரப்பட்டால் கண்ணாடி விரியும். ஆழமாகச் செருகினால் உள்ளே இருக்கும் நாடா மாதிரியான இணைப்புகள் அறுந்துபோகும். இருபது நிமிஷம் ஆகியும் நாங்கள் உள்ளே நுழையவில்லை.

இந்த இருபது நிமிஷத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொழில்நுட்பத்தின் வரலாறு என்ற பெயரில் நமக்குச் சொல்லப்படுவது எப்போதும் கண்டுபிடிப்பின் கதைதான். யார் முதலில் செய்தார், எந்த வருஷம் வெளிவந்தது, எத்தனை கோடி விற்றது. ஒரு பண்டம் எப்படித் திறந்தது, எப்போது திறக்காமல் போனது என்று கேட்டுப்பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

நோக்கியா 3310 வந்தது 2000இல், 1100 வந்தது 2003இல். இரண்டையும் திறக்க நகம் போதும். பின்மூடியைத் தள்ளினால் பேட்டரி, பேட்டரிக்குக் கீழே சிம். சிம்மைப் போடவே எல்லாரும் போனைத் திறந்தாக வேண்டியிருந்தது என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. என் அப்பா, ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிறவர், தினம் ஒருமுறை 1100ஐக் கழற்றி பேட்டரியைச் சட்டையில் துடைத்துப் போடுவார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

2007 ஆகஸ்டில் நோக்கியா ஒரு அறிவிப்பு விட்டது. பிஎல்-5சி என்ற பேட்டரியில், மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்துகொடுத்தவற்றில் சில அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும். எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். நம் ஊரில் பெரிய பீதி. பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஜனங்கள் போனைத் திறந்து பேட்டரியைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை ஒருத்தருக்கொருத்தர் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பண்டத்தின் உள்ளே இருப்பதை லட்சக்கணக்கான பேர் ஒரே வாரத்தில் கூர்ந்து வாசித்த வேறொரு தருணம் எனக்குத் தெரிய இல்லை. தீர்வும் அங்கேயே இருந்தது. பேட்டரியைக் கொடு, வேறு பேட்டரி வாங்கிக்கொள். போன் போனாகவே பையில் இருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து, 2016இல், சாம்சங் கேலக்ஸி நோட் 7. இங்கேயும் கோளாறு பேட்டரியில்தான். முதல் முறை திரும்பப் பெற அறிவித்தபோது சுமார் 25 லட்சம் போன்கள். ஆனால் இந்தப் பேட்டரியை வைத்திருப்பவர் கழற்ற முடியாது, பசைவைத்து மூடியாயிற்று. எனவே திரும்பிப் போனது பேட்டரி அல்ல, முழு போன். மாற்றிக்கொடுத்தவையும் தீப்பிடித்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. விமானத்தில் ஏறுமுன் இந்த ஒரு போனின் பெயரைச் சொல்லித் தடைவிதித்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பகுதியை அடுத்த வருஷம் வேறு பேட்டரி போட்டு வேறு பெயரில் விற்றார்கள். பேட்டரியை மாற்றினால் போதும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போனைத் திறப்பது ஆபத்து, ஆகவே மூடிவைக்கிறோம் என்று கம்பெனிகள் இன்றைக்கும் சொல்கின்றன. லித்தியம் பேட்டரியைத் துளைத்தால் தீப்பிடிக்கும் என்பது உண்மைதான், அண்ணனின் மேஜைக்குக் கீழே மணல் வாளி ஒன்று இருக்கிறது. ஆனால் 2007ஐயும் 2016ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆபத்து நேர்ந்தபோது ஜனங்களைக் காப்பாற்றியது நகத்தால் திறந்த மூடி என்பது தெரியும். தண்ணீர் புகாமலிருக்கத்தான் பசை என்பது இன்னொரு வாதம். சாம்சங்கின் கேலக்ஸி எஸ்5, 2014இல், கையால் கழற்றும் பின்மூடியோடும் நீர்த்தடுப்புக்கான ஐபி67 சான்றோடும் ஒன்றாகத்தான் வந்தது. அடுத்த வருஷம் எஸ்6இல் மூடி ஒட்டப்பட்டது. நீர்த்தடுப்புச் சான்றையும் காணோம். எடை, மெலிவு, கண்ணாடியின் பளபளப்பு என்று அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. மெல்லியது வேண்டும் என்று நாமும்தான் கேட்டோம். இதில் கம்பெனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சௌகரியமான பாவனை.

*

கண்ணாடி கழன்றது. உள்ளே வரிசையாகத் திருகாணிகள். ஒரு பழைய நோட்டின் தாளில் போனின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ படத்தில் அந்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டிக்கொண்டே போனார். எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன என்றேன். “நீளம் வேற வேறம்மா. நீளமானதைக் குட்டை ஓட்டையில போட்டா போர்டைக் குத்திடும்.” மேடம் அம்மாவானதை அப்போதுதான் கவனித்தேன்.

நாம் ‘ஸ்டார்’ என்று சொல்கிற கூட்டல்குறித் திருகாணி அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் பெயரில் 1936இல் காப்புரிமை பெற்றது. மூல யோசனை அவருடையதல்ல, ஜான் தாம்ப்சன் என்பவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. காடிலாக் கார்த் தொழிற்சாலைதான் அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது. விசையோடு சுழலும் கருவி தானாகவே குழியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் நகரும் பட்டையின் முன் நிற்கும் தொழிலாளியை வேகமாக வேலை வாங்கலாம். அந்தத் தலையின் வடிவம் உழைப்பின் வேகத்திலிருந்து பிறந்தது. ஆனாலும் ஒரு குணம் அதில் இருந்தது. முறுக்கியவன் யாரானாலும் திருப்பிக் கழற்ற எல்லாருக்கும் முடிந்தது.

ஐபோன் 4, 2010 ஜூனில் அமெரிக்காவில் வந்தபோது அடிப்பக்கம் இருந்த இரண்டும் ஸ்டார் திருகாணிகள்தான். சில மாதங்களில் அவை மாறின. ஐந்து இதழ் கொண்ட பூவைப்போல ஒரு தலை. அதற்கான கருவி அப்போது கடைகளில் கிடைக்காது. பழைய திருகாணி உள்ள போனைப் பழுதுக்குக் கொண்டுபோனால், திருப்பித் தரும்போது பூத்திருகாணியைப் போட்டுத் தந்தார்கள். 2011 ஜனவரியில் இதை வெளியே சொன்னது ஐஃபிக்ஸிட் என்ற கலிபோர்னிய நிறுவனம். 2003இல் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. அவர்கள் பூவைக் கழற்றி ஸ்டாரை மாட்டிக்கொள்ள ஒரு சிறு கருவிப்பெட்டியைப் பத்து டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்றார்கள். அதற்கு வைத்த பெயர் ‘விடுதலைப் பெட்டி’. விடுதலையும் பண்டமாக வந்துசேர்ந்ததைப் பார்த்து நம் மார்க்சியத் தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, அதே கருவி கொஞ்ச நாளில் ரிட்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தது என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். வடிவத்தைக்கொண்டு பூட்டினால் வடிவத்தைப் பார்த்துச் செய்த சாவி வந்துவிடுகிறது. ஜடப்பொருளால் செய்த பூட்டின் பலவீனம் அது.

ஆகவே பூட்டு ஜடப்பொருளைவிட்டு வெளியேறியது. ஐபோன் 6இல் விரல்ரேகை பதியும் பொத்தான் உடைந்து, வெளிக்கடையில் வேறொன்று போட்டவர்கள் மாதக்கணக்கில் அதை நன்றாகவே பயன்படுத்திவந்தார்கள். பிறகு ஒரு நாள் கம்பெனி அனுப்பிய புது மென்பொருளை ஏற்றினார்கள். திரையில் ‘பிழை 53’ என்று வந்தது, போன் செங்கல்லாகிவிட்டது. பொத்தானுக்கும் போர்டுக்கும் இடையே தொழிற்சாலையில் செய்துவைத்த ஜோடிப்பொருத்தம் கலைந்திருப்பதைப் புது மென்பொருள் கண்டுபிடித்துத் தண்டனை கொடுத்தது. 2016 பிப்ரவரி முதல் வாரத்தில் பத்திரிகைகளில் இது பெரிய செய்தி. இரண்டு வாரத்தில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு மாற்று மென்பொருள் தந்தது. 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அந்த 2016 பிப்ரவரியை நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அதே மாதம் 16ஆம் தேதி, சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூட்டுக் குற்றவாளி ஒருவரின் ஐபோனைத் திறக்க எஃப்.பி.ஐ.க்கு உதவும்படி அமெரிக்க நீதிமன்றம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. ஆப்பிள் மறுத்தது. இந்த ஒரு போனுக்கு வழி செய்தால் எல்லாப் போனுக்கும் வழி செய்ததாகும் என்று அதன் தலைவர் டிம் குக் வாடிக்கையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகமே பாராட்டியது, நானும் பாராட்டினேன். கடைசியில் எஃப்.பி.ஐ. வேறு யாரையோ வைத்துத் திறந்துகொண்டு மார்ச்சில் வழக்கிலிருந்து விலகியது.

ஒரே மாதம், ஒரே கம்பெனி, இரண்டு பூட்டுகள். ஒன்று அரசுக்கு எதிராக என் அந்தரங்கத்தைக் காக்கிறது. இன்னொன்று எனக்கு எதிராகக் கம்பெனியின் பொத்தானைக் காக்கிறது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ‘பாதுகாப்பு’. நாம் செய்கிற தவறு, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரேயடியாக ஏற்பது அல்லது ஒரேயடியாக எதிர்ப்பது. ஃபூக்கோவைக் கால்வாசி படித்த கையோடு, தொழில்நுட்பம் எல்லாமே கண்காணிப்பு என்று எழுதிவிடுவது சுலபம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் 2018இல் பீமா கோரேகான் வழக்கில் கைதானவர்களின் கருவிகள் என்னவெல்லாம் ஆயின, 2021இல் பெகாசஸ் பற்றி வெளிவந்தது என்ன என்பதையெல்லாம் தெரிந்த இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சங்கேதப் பூட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூட்டைக் கழற்று என்று நான் கேட்கவே மாட்டேன். நான் கேட்பது வேறு: சாவி யார் கையில்? என் பின் நம்பரால் திறக்கிற பூட்டு என்னுடையது. போர்டும் திரையும் பேட்டரியும் ஜோடிதானா என்று தொலைவிலிருக்கும் சர்வரைக் கேட்டுச் சொல்கிற பூட்டு என்னுடையதில்லை. காசு கொடுத்து வாங்கினேன் என்பதற்கு அங்கே என்ன பொருள்? குத்தகைதாரர் என்ற சொல்தான் எனக்குப் பொருந்துகிறது.

*

இந்தத் தெளிவு எல்லாம் வீட்டுக்கு வந்து எழுதும்போது கிடைத்தது. கடையில் அண்ணன் போர்டைத் துடைத்துக்கொண்டே “பின் நம்பர் சொல்லும்மா, ஆன் ஆனா டெஸ்ட் பண்ணணும்ல” என்றபோது எனக்கு நாக்கு எழவில்லை. என் சாவியை நானே கொடுக்க வேண்டிய இடம் இது. போனில் ஒப்பாரி மட்டுமா இருக்கிறது? தோழிகளோடு பேசினது, ஒரு வழக்குக்காக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர்களின் எண்கள், என் படங்கள். அந்தத் தெருவில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேலை செய்கிறவர்கள் ஆண்கள். பழுதுபார்க்கும் உரிமை பற்றிப் பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். பழுதுபார்ப்பவரை நாட்டார் நாயகனாக்கிவிட்டால் போதுமா? கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஒரு சோதனை செய்தார்கள். பழுதுக்குக் கொடுத்த லேப்டாப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பதிவுசெய்யும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து கடைகளில் கொடுத்தார்கள். பதிவு கிடைத்த 12 கடைகளில் 6இல் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் உள்ளே எட்டிப்பார்த்திருந்தார்கள். பெரிய கடை, சின்னக் கடை என்ற வித்தியாசமெல்லாம் இல்லை.

கம்பெனிகள் இதைத்தான் கையில் எடுத்துக்கொள்கின்றன: பார்த்தீர்களா, எங்களிடமே வாருங்கள். ஆனால் 2022இல் சாம்சங், பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சொந்தப் படங்கள், செய்திகள் எதுவும் தெரியாமல் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் இயக்கிப்பார்க்கிற ஒரு வசதியைக் கொண்டுவந்தது. பிறகு கூகிளும் செய்தது. ஆக, பெண்ணின் அந்தரங்கத்தையும் காத்துக்கொண்டு தெருக்கடையிலும் பழுதுபார்க்க வழி செய்ய முடியும். அதன் சாவி நம் கையிலேயே இருக்க முடியும். செய்யாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் நம்பரைச் சொல்லவில்லை. “ஆன் ஆனா நானே போட்டுக்கறேண்ணே” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “சரிதான், ரொம்பப் பேரு யோசிக்காமச் சொல்லிடுவாங்க” என்றார். கோபமா, மெச்சலா, கண்டுபிடிக்க முடியவில்லை.

*

போர்டின்மேலிருந்த தகரக் கவசத்தைத் தூக்கியதும் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஆல்கஹாலும் பிரஷும் வைத்துக் கழுவினார். மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். பொத்தானை அழுத்தும் முன்பே மீட்டர் முள் ஏறி நின்றது. “ஷார்ட்.” நூற்றுக்கணக்கான பொடிகளில் எது? இதற்கு அவர் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். சால்டரிங் முனையில் ரோசின் கட்டியைத் தொட்டுப் புகைவிட்டு, போர்டு முழுக்கப் பனிபோல ஒரு வெள்ளைப் பூச்சு படியவைத்தார். பிறகு அளவாக மின்சாரம். எது ஷார்ட்டாகியிருக்கிறதோ அது சூடாகும், அதன் தலையில் மட்டும் வெள்ளை உருகும். எள்ளில் பாதி இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் கறுத்துத் தெரிந்தது.

எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்கவில்லை. தொண்ணூறுகளில் பாரிமுனை பர்மா பஜாரில் ஒருவரிடம் வாக்மேனும் கார்ட்லெஸ் போனும் பிரிக்கக் கற்றுக்கொண்டவர். அந்தக் குரு ரேடியோக்காரர். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் பெட்டிக்குள்ளேயே சர்க்யூட் படத்தை ஒட்டி அனுப்புவார்கள். பிரிக்கப்போகிறவன் ஒருத்தன் வருவான் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. இன்றைக்குப் போர்டின் படம் வணிக ரகசியம். சீனாவில் யாரோ தொகுத்தது, கை மாறிக் கை மாறி அண்ணனின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு காலத்தில் நம்மவர்கள் கோட்பாட்டுப் புத்தகங்களை ஜெராக்ஸ் ஜெராக்ஸாகப் படித்தது நினைவுக்கு வந்தது. ஓரங்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகளும் இருக்கின்றன, இந்த ஐசி சூடானால் அந்தப் பக்கம் பார், இந்த மாடலில் இது வழக்கமாகப் போவது என்று. உரையாசிரியன் வேலை. பதிப்பிக்க ஆளில்லை.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. இப்போது ஃபாக்ஸ்கானில் ஐபோன் பொருத்துகிறார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தது இவர்கள்தான். பொருத்தும் கைக்கும் பிரிக்கும் கைக்கும் நடுவே அந்த நாற்பது கிலோமீட்டர். அங்கே ஒரு ஷிப்ட் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற பெண்ணுக்கு முழு போனின் அறிவு சேர்வதில்லை. இங்கே முழு போனும் தெரிந்தவருக்கு அதைத் தெரிந்துவைத்திருக்கும் உரிமை சந்தேகத்தில் இருக்கிறது. ரிட்சி தெருவில் ஒரு பெண் மெக்கானிக் உட்கார்ந்திருந்தால் பின் நம்பர் விஷயத்தில் எனக்கு நாக்கு எழுந்திருக்குமோ என்னவோ.

சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நியூயார்க் 2022இல், கலிபோர்னியா 2023இல். 2024இல் ஆரிகன் மாநிலம் அந்த ஜோடிப்பொருத்தத்தையே தடுத்தது, ஆப்பிள் எதிர்த்துச் சாட்சி சொல்லியும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகளோடு, பேட்டரியை வைத்திருப்பவரே கழற்ற முடிய வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆப்பிள் 2022இல் தானே முன்வந்து, வீட்டிலேயே பழுதுபார்த்துக்கொள்ளக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்தது. இரண்டு பெட்டி, 36 கிலோ எடை. அண்ணனின் கருவிகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிடும். நம் மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது, 2024இல் பழுதுபார்க்க எளிதா என்று மதிப்பெண் போட இன்னொரு குழு. இணையதளத்தில் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் விவரங்கள் வரிசையாக இருக்கின்றன. மாடிப்படிக்குக் கீழே இருப்பவருக்குச் சர்க்யூட் படமும் ஒரிஜினல் பாகமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் அதோடு வரவில்லை.

அண்ணன் அந்தக் கெப்பாசிட்டரைப் பெயர்த்து எடுத்தார். அந்த இடத்தில் வேறு எதையும் போடவில்லை. அது இல்லாமலே ஓடும், பக்கத்தில் இருப்பவை தாங்கிக்கொள்ளும் என்றார். பேட்டரியை மாட்டினார். இரண்டு தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் திரை வெளுத்தது. போர்டு திறந்தபடியே இருக்க, நான் நம்பரை அடித்தேன். அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். லேப்டாப்பை இணைத்து ஒவ்வொரு கோப்பாக இழுத்தேன். சரியாக இருக்கிறதா என்று ஒன்றைத் திறந்ததும் அத்தை குரல் கடையில் எழுந்தது. எதிர்க்கடைப் பையன் யாரோ செத்துவிட்டார்கள் என்று எட்டிப்பார்த்தான்.

தாளில் ஒட்டியிருந்த திருகாணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. பின்கண்ணாடிக்குப் பசை வைக்கவில்லை, ஓரத்தில் இரண்டு இடத்தில் மெல்லிய டேப் மட்டும். “பச்சை மறுபடி பூக்கும், ஒரு மாசத்துல திரும்பத் திறக்க வேண்டி வரும்மா. இப்ப ஒட்டிட்டா அப்பறம் ரெண்டு பேருக்கும் கஷ்டம்” என்றார். காசை வாங்கிக்கொண்டு, மழை வருகிறதா என்று வெளியே பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.